நான்கெல்லை

கிரயப் பத்திரத்தை மூன்று தரம் படித்துவிட்டேன்.
வடக்கே பொது நடை,
தெற்கே காற்றுக்கு விட்ட வெற்றிடம்,
கிழக்கே 2-ஏ,
மேற்கே காலஞ்சென்ற வையாபுரிச் செட்டியார் வாரிசுகளின் சைட்.
இதற்கு மத்தியில் நான்.
மேலே யார், கீழே யார் என்று
சார்பதிவாளர் கேட்கவே இல்லை.

சொட்டு விழுவதோ மேலிருந்து.

குளியலறைக் கூரையில் முதலில் ஒரு ஓதம்,
தேங்காய் மூடி அளவு.
மாசிக்குள் கோரைப்பாய் அகலம்.
3-பி துளசிமணி சொன்னாள்:
"எந்தரை காய்ஞ்சு கெடக்குதுங்க, வந்து தொட்டுப் பாருங்."
தொட்டேன். காய்ந்துதான் கிடந்தது.
அவள் தரைக்கும் என் கூரைக்கும் நடுவில்
ஐந்தங்குலம் கான்கிரீட்.
அதை யாரும் யாருக்கும் எழுதித் தரவில்லை.

எனக்கு கணபதியில் பம்ப்செட் கம்பெனியில் வேலை, டெஸ்ட்டிங்.
வார்த்து வந்த கேஸிங்கைத் தண்ணீரில் முக்கி
காற்றடைத்துக் குமிழி பார்ப்பேன்.
மயிரிழைக் குமிழி ஒன்று வந்தாலும்
சிவப்புச் சாக்பீஸ்.
பதினோரு வருசத்தில் நான் கையெழுத்துப் போட்டது
ஒன்றும் ஒழுகித் திரும்பி வந்ததில்லை.
வீட்டில், வாளி வைத்துத் தூங்கினேன்.

ஞாயிறு. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள்.
குழாய்க்காரர் அந்தோணி எழுதிய சீட்டு:
முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
எட்டால் வகுத்தால் நாலாயிரத்து எண்ணூறு.
தரைத்தளம் பொங்கியண்ணன் எழுந்தார்:
"லிப்ட்டே ஏறாதவனுக்கு மேல என்னங் செலவு?"
1-ஏ மஸ்கட்டிலிருந்து வீடியோவில்;
படம் உறைந்தபோது வாய் திறந்தபடி நின்றுவிட்டார்.
"ஒழுகற தண்ணி பொதுவா, தனியா?
அதச் சொல்லுங் மொதல்ல" என்றது யாரோ.
சிறுவாணி என்றால் பொதுக் குழாய், எட்டுப் பேர் பாடு.
உப்புத்தண்ணி என்றால் அவள் குளியலறை, அவள் பாடு.
இப்படி ஒரு சட்டம் அங்கேயே பிறந்தது.

படியேறினேன். பின்னாலேயே வந்தார்கள்.
விரல் நீட்டி ஒரு சொட்டு ஏந்தி
நாக்கில் வைத்தேன்.
எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.
உப்பு.
துளசிமணியின் முகம் சுண்டிப்போனது.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
சொல்லிவிட்டேன்.

உடைத்தார்கள். உள்ளே
பில்டர் ஆள் திணித்துவிட்டுப் போன சிமெண்ட் சாக்கு,
அதற்குள் குழாய் மூட்டு,
சரியாக ஒட்டாமலே பதினாறு வருசம்.
அவள் பக்கமும் இல்லை, என் பக்கமும் இல்லை.
பில்டர் இப்போது சரவணம்பட்டியில்
இருபது மாடி கட்டுகிறார், போனை எடுப்பதில்லை.
ஓட்டை வழியே மேலே பார்த்தேன்.
அவள் குனிந்து கீழே பார்த்தாள்.
"உங்கூட்ல வெளிச்சம் கம்மிங்" என்றாள்.
அவ்வளவுதான். கொத்தனார் பூசிவிட்டார்.

ஐந்து பேர் கொடுத்தோம். மீதியை நான் போட்டேன்.
சங்க நோட்டில் மூன்று கட்டம் இன்னும் வெள்ளை.
பொங்கியண்ணன் காலையில் என்னைக் கண்டால்
குனிந்து செருப்பைத் தேடுகிறார்,
செருப்பு காலில் இருக்க.

ஐப்பசி. அடைமழையின் இரண்டாம் ராத்திரி.
கதவைத் தட்டியவள் துளசிமணி.
"ஒரு நிமிசம் வாங்.
நீங்க ருசி பாத்துச் சொன்னாச் சரியா இருக்கும்."
அவள் படுக்கையறைக் கூரையில் புதிதாய் ஒரு ஓதம்,
நடுவில் முட்டிக்கொண்டு ஒரு சொட்டு.
கட்டிலை இழுத்துப் போட்டு ஏறினேன்.
உப்பு இல்லை.
சிறுவாணியின் இனிப்பும் இல்லை.
கொஞ்சம் சுண்ணாம்பு, அப்புறம்
ஒன்றுமே இல்லை.

"மழைங்க" என்றேன்.
"மொட்டைமாடி. எட்டால வகுக்கணும்."
அவள் சிரிக்கவில்லை.
பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள்,
மேலே அவள் கையெழுத்தில் என் வீட்டு எண்.
அங்கேயே நின்று எண்ணினேன்.
முன்னூறு குறைந்தது.

எங்கள் வாளியை எடுத்துவரக்
கீழே போனேன்.