இறக்கத்துக்கு விட்ட இடம்

மூன்றாவது கன்ட்ரோலரும் செத்தது
காலை எட்டேகாலுக்கு,
வால்பரைசோவில், எங்கள் குன்றுச் சரிவில்,
ரொட்டிக்கடைக்கு நாற்பது அடி மேலே.
ஏறும்போது இல்லை. இறங்கும்போது.

ஏற்றத்தில் செத்திருந்தால் நியாயம்.
நடைபாதை விளிம்பில் முன்சக்கரம் முட்டி நிற்க,
நான் பிடிவாதமாய் ஜாய்ஸ்டிக்கைத் தள்ள,
சுழலாத மோட்டார் நூறு ஆம்பியர் குடிக்கும்;
பெட்டி தொட முடியாமல் கொதிக்கும்.
அங்கெல்லாம் தாங்கியது.
சும்மா இறங்கிக்கொண்டிருந்த இடத்தில்
ஒரு சொடுக்கு,
கருகல் வாடை,
இடச்சக்கரம் பூட்டிக்கொள்ள
நாற்காலி அரைவட்டம் அடித்து
யார் வீட்டுச் சுவரிலோ சாய்ந்தது.
தெருநாய்கள் நான்கும் வந்து விசாரித்தன.

டிராலிபஸ் பணிமனை ரெமிஹியோ
மூடியைக் கழற்றிவிட்டு
வெகுநேரம் பேசவில்லை.
"ராத்திரி சார்ஜ் போட்டாயா, இக்னாசியா?"
"விடிய விடிய."
"நிறையவா?"
"நிறைய."
"குடியிருப்பது உச்சியில்."
"ஆமாம்."
"அப்புறம்?"

அப்புறம் ஒரு நிமிடம் ஆனது எனக்கு.

சரிவில் மோட்டார் மோட்டார் இல்லை, டைனமோ.
என் எடையும் பேட்டரியின் எடையும் உருள உருள
பிறக்கிற மின்சாரம்
வந்த வழியே வீடு திரும்பப் பார்க்கிறது.
வீடோ விளிம்புவரை நிரம்பிக் கிடக்கிறது.
வாசலில் நின்றது கன்ட்ரோலர்.
நெரிசலில் மிதிபட்டது அதுதான்.

இப்போது எண்பது சதவீதத்தில் நிறுத்துகிறேன்.
பேட்டரியை மாட்டுமுன்
சின்ன மின்தடை ஒன்றின் வழியே
கெபாசிட்டர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் ஊட்டுகிறேன்,
பொறி தெறிக்காமல்.
கடல் உப்புக் காற்றுக்கு மேல்பூச்சு வேண்டும்;
வார்னிஷ் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமை
ரெமிஹியோவின் மகள் ஒலாயா
தன் நகப்பூச்சை நீட்டினாள். சிவப்பு.
என் சர்க்யூட் போர்டு
கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல் இருக்கிறது.

நேற்று மறந்து தூங்கிவிட்டேன்.
காலையில் மீட்டர் முழுசாய்ச் சிரித்தது.
பல் மருத்துவரிடம் ஒன்பதரைக்கு இருக்க வேண்டும்,
கீழே, துறைமுகத்தருகே.

ஹெட்லைட்டைப் போட்டேன், பட்டப்பகலில்.
உச்சியிலுள்ள சின்னச் சதுக்கத்தை
ஒரு சுற்று, இரண்டு, ஐந்து.
நாய்கள் மூன்றாம் சுற்றில் கைவிட்டன.
ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவள் குனிந்து கேட்டாள்:
"எதையாவது தொலைத்துவிட்டாயா?"

தொலைக்கத்தான் சுற்றுகிறேன் என்றேன்.