ஆலோசகர்

சாவுச் செய்தி சொல்லக் கதவைத் தட்டும் காட்சி.
நடிகர் ஓங்கித் தட்டினார்.
"இது பால் பாக்கி கேட்க வந்தவன் தட்டு" என்றார்
ஆல்கோட் பிரூன்,
நோர்ஷோப்பிங் காவல் நிலையத்தில்
இருபத்தாறு வருடம் இருந்தவர்.

இரண்டே தட்டு.
கதவு திறக்குமுன் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.
மீதியை
அவளே புரிந்துகொள்வாள்.

பதினான்காவது டேக்கில் சரியாக வந்தது.
எல்லோரும் கைதட்டினார்கள்.
காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வந்தன.
அவர் மட்டும் பனியில் நின்று
புகைத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள், முதல் காட்சி.
கொலைகாரன் யாரென்று அரங்குக்கே தெரியும்;
தொடரின் ஏழு நாவலையும் படித்த கூட்டம்.
இருட்டில்
அந்த இரண்டு தட்டு கேட்டது.

ஆல்கோட்டின் கை தலைக்குப் போனது.
தொப்பி
வாசலில், கோட்டுகளோடு தொங்கிக்கொண்டிருந்தது,
நாற்பத்தொன்றாம் எண் கொக்கியில்.