அது என்னைப் பார்க்கும்போது

உடைத்தால் எட்டு மாதச் சம்பளம் என்றார் நஸ்மி.
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
ஞாயிறு டிக்கோயாவில் கல்யாணம்,
மேலேயிருந்தும் எடுக்க வேண்டுமாம் மாப்பிள்ளை வீட்டுக்கு.
அதற்குள் பழகிவிடு.

ஆக, புதன்கிழமை காலை ஏழு பத்து.
லிந்துலையில் எங்கள் டிவிஷன் விளையாட்டுத் திடல்:
ஒரு பக்கம் கோல் கம்பம்,
மறுபக்கம் இரண்டு செருப்பு.
பனி இன்னும் சவுக்கு மரங்களை விட்டபாடில்லை.
பெட்டிக்குள் கால் மடக்கிக் கிடந்தது ட்ரோன்,
கூட்டிலிருந்து விழுந்த எதையோ போல.

கோடு போட்ட இறக்கை கோடு போட்ட மோட்டாருக்கு.
மூன்று முறை பார்த்துக்கொண்டேன்.
திசைகாட்டி சரியாக
அதை ஏந்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்,
பிறகு மூக்கைக் கீழே பிடித்து இன்னொரு சுற்று.
பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.
"அக்காவுக்குச் சாமி வந்திருச்சுடா."

ஏழு செயற்கைக்கோள். ஒன்பது. பதினொன்று.
வீடு பதிவாகிவிட்டது என்றது திரை.
வீடென்றால் நான் நின்ற புல்,
செருப்புக் கோலுக்கு நாலடி இப்பால்.
அப்பா இருபது வருடமாக
ஒரு துண்டுக் காகிதம் கேட்டு ஆபீஸ் படி ஏறுகிறார்.
இதற்கு ஐம்பது விநாடி.

இடது குச்சியை மேலே தள்ளினேன்.
புல் படுத்துக்கொண்டது.
மூன்று மீட்டரில் நின்றது,
காற்றில் ஆணியடித்து மாட்டியதைப் போல.

போகும்போது சுலபம்.
அதன் முதுகுதான் எனக்கு;
என் வலது அதற்கும் வலது.
திரும்பி என்னைப் பார்த்ததும் எல்லாம் மாறிப்போயிற்று.
இந்தப் பக்கம் வா என்றால் அந்தப் பக்கம் நழுவுகிறது.
திருத்தப் போய், திருத்தியதைத் திருத்தப் போய்
சவுக்குக் கிளைக்கு ஒரு முழம்.
குழம்பினால் கையை எடு, நஸ்மி சொல்லியிருந்தார்,
ஒன்றும் செய்யாதே, அதுவாக நிற்கும்.
எடுத்தேன்.
நின்றது.
என் கால்தான் நிற்கவில்லை.

பிறகு துணிச்சல் வந்தது. நாற்பது மீட்டர்.
லயத்துக் கூரையில் கற்கள், நாலு பழைய டயர்,
மூன்றாம் காம்பராவுக்கு மேல் நீலப் படங்கு,
கொடியில் என் ஜீன்ஸ், தலைகீழாக.
ஓடை. ஓடைக்கு அப்பால் பதினாலாம் நம்பர் மலை.

சின்னச் சின்னப் புள்ளிகளாக அவர்கள்.
கொஞ்சம் இறக்கினேன், ஆசையாய்.

ஒருத்தி வாயைத் திறந்தாள். திரையில் சத்தம் வராது.
ஆனாலும் தெரியும் அந்தச் சொல்.
குளவி.
கூடைகள் உருண்டன. கொங்காணி முகத்துக்குப் போயிற்று.
செடிகளுக்கடியில் எல்லோரும் மறைந்து
மலை முழுக்கப் பச்சை மட்டும்.

அப்புறம் ஒரு தலை. இன்னொன்று.
நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார்கள்,
அதாவது அதை.
யாரும் கை காட்டவில்லை.
யாரோ ஏதோ சொன்னாள். அவ்வளவுதான்,
குனிந்து பறிக்கத் தொடங்கினார்கள்,
இரண்டு கையாலும், பேசாமல்,
முன்னைவிட வேகமாக,
துரை பின்னால் நிற்கும்போது பறிப்பதைப் போல.

என் கட்டைவிரல்கள் எந்தப் பக்கம் போவதென்று
மறந்துபோயின.
பேட்டரி முப்பது சதவீதம்.
வீட்டுக்கு வா என்ற பொத்தானை அழுத்தினேன்.
புல்லில் நாலு விரல் தள்ளி இறங்கியது.

சாயங்காலம் அண்ணி பிளேன்டீயோடு உட்கார்ந்தாள்.
"கம்பெனிக்காரன் புதுசா ஒன்ன பறக்க விட்டுருக்கான்.
தலைக்கு மேலேயே நின்னு எண்ணுறான்."
அது நான்தான் என்றேன்.
கப்பைக் கீழே வைத்தாள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"செபமாலைக்கு முட்டி பேந்துருச்சு, தெரியுமா?"
மறுபடி கொஞ்ச நேரம்.
"சரி, காட்டு."

தலையோடு தலை முட்டிப் போனில் பார்த்தோம்.
ஓடை வந்தது. மலை வந்தது.
பச்சைக்குள் சிவப்புக் கொங்காணி ஒன்று,
நிமிராமல், இரண்டு கையும் பறந்துகொண்டு.
அண்ணி இன்னும் கிட்டே வந்து கண்ணைச் சுருக்கினாள்.

"யாரு இவ,
இம்புட்டு வேகமா பறிக்கிறவ?"