மஞ்சள் வயர்

வெள்ளிச் சந்தையில் மூன்று தினாருக்கு வாங்கிய வி.சி.ஆர்.,
முஹர்ரக் அறையில், இரும்புக் கட்டில் மேல்.
மஞ்சள் வயர் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு.
சிக்னல் இல்லை என்கிறது லேப்டாப்,
நாலாவது முறையாக.

ஸ்பிரிட் கிடைக்காமல்
கொலோன் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன்.
கோடுகளுக்கு நடுவே
ஜெபஸ்டின் அண்ணன் மனைவி, கைக்குழந்தையோடு,
ஏதோ சொல்ல வாயெடுக்க
பச்சை மைதானம். கோல். அரபியில் ஆரவாரம்.

"சுலைமான் வேலை. தெரியாம மேல பதிஞ்சிட்டான்.
ஆறு மாசம் அவன்கூடப் பேசல,
இதே ரூம்ல."

வெட்டிடவா என்றேன்.
"இருக்கட்டும். அவனும் போயிட்டான்."

தொண்ணூறு நிமிட ஆட்டம் ஏறத்
தொண்ணூறு நிமிடம்தான்,
கம்ப்யூட்டரானாலும்.
கடைசி விசிலுக்குப் பின், மிச்ச டேப்பில்,
மறுபடி அந்த அக்கா:
"...அதாங்க விஷயம். வேற ஒண்ணுமில்ல."

அண்ணன் "ம்" என்றார்.