வழக்குச் சொத்து

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.
பேர் திம்மராயன். வயசு இருபத்து மூணு.
வேப்பனப்பள்ளி பக்கம்.
சாவித் துவாரமே இல்லாத புது வண்டிகளை
நாலு நிமிஷத்தில் எழுப்பிவிடுவேன்.
அதெல்லாம் பழைய கேஸில் இருக்கிறது.
இது வேறு.

பழையபேட்டையில் மாங்காய் மண்டிக்குப் பின்சந்து,
தகரக் கொட்டகை, சுவரைப் பார்த்து நிற்கும் அம்பாசடர்.
பெங்களூரில் ஒரு பார்ட்டி ஒரு லட்சத்துப் பத்து சொன்னான்.
இதைத் தூக்க என்ன இருக்கிறது, அலாரம்கூடக் கிடையாது
என்றுதான் நினைத்தேன்.

முன்கதவில் பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில்
முக்கோணமாக ஒரு குட்டிக் கண்ணாடி.
விரலால் தள்ளினேன், புறாக்கூண்டு மாதிரி திறந்தது.
அதுவரைக்கும் சுலபம்.

உட்கார்ந்து இடது கையை நீட்டினால்
கியர் இல்லை.
சீட் ஒரே பெஞ்சாக அந்தக் கதவு வரை போகிறது.
யாரோ பிடுங்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன், நிஜமாக.
அப்புறம் ஸ்டியரிங் கழுத்தில் ஒரு கம்பி கையில் இடித்தது.
ஹேண்ட்பிரேக் டாஷுக்கு அடியில், குடைக்காம்பு போல.
'சி' என்று ஒரு குமிழ் இருந்தது. சார்ஜர் என்று இழுத்தேன்.
'எஸ்' என்று இன்னொன்று. இழுத்தேன்.
இஞ்சின் இருமியது, இருமியது,
கொட்டகை முழுக்கப் பெட்ரோல் வாசனை.
குமிழைப் பாதி உள்ளே தள்ளியதும்
சட்டென்று கோபம் தணிந்த மாமியார் மாதிரி
ஓட ஆரம்பித்தது.

ரிவர்ஸுக்கு மட்டும் முக்கால் மணி நேரம்.
இழுத்து, அமுக்கி, மேலே, கீழே, கெஞ்சி.
விழுந்தபோது எனக்கே கை தட்டத் தோன்றியது.

ராயக்கோட்டை ரோட்டில் உங்கள் ஜீப் எதிரே வந்தது.
லைட்டைத் தாழ்த்துடா என்று கத்தினார் ஏட்டய்யா.
எதைத் தாழ்த்த? ஸ்டியரிங்கைச் சுற்றித் தடவினேன்,
ஹார்ன் அடித்தது, வைப்பர் அழுதது,
வெளிச்சம் மட்டும் அவர் முகத்திலேயே நின்றது.
சட்டையைப் பிடித்து நீங்கள் இறக்கும்போதுதான்
இடது குதிகால் தரையில் எதையோ மிதித்தது,
டக்.
விளக்கு தலை குனிந்தது.
காலுக்கடியில் வைத்திருக்கிறார்கள் ஐயா, காலுக்கடியில்.

அதற்கு முன்னால், பாலத்தடியில் ஒருமுறை நின்றுபோனது.
டிக்கியில் வளைந்த இரும்புக் கம்பி ஒன்று,
பம்பரில் அது அளவுக்கு ஓட்டை.
நுழைத்துச் சுற்றினேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது,
கம்பி திருப்பி அடித்தது.
மணிக்கட்டு வீக்கம் அதனால் வந்தது,
இங்கே யாரும் அடிக்கவில்லை என்று நானே சொல்கிறேன்.
நீங்களும் அந்தக் கம்பியை
'பயங்கர ஆயுதம் ஒன்று' என்று எழுதியதை
அடித்துவிடுங்கள்.

காலையில் சொந்தக்காரம்மா வந்தார்கள், அம்சவேணி.
புகார் கொடுத்தது ஓசூரில் இருக்கிற மகன்.
என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று:
"ரிவர்ஸ் எப்படி விழுந்துச்சு?"
மூன்று வருஷமாக விழவில்லையாம்.
ஆயுத பூஜைக்கு மெக்கானிக் வந்து இஞ்சினை மட்டும் ஓட்டுவானாம்,
முன்சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம்
நசுங்காமலே காயுமாம்.
நான் பார்த்தேன், மூன்று பழம், கோலிக்குண்டு மாதிரி.
கொட்டகை காலியானதில் அம்மாவுக்கு மகிழ்ச்சி;
ஐந்நூறு மாங்காய்க் கூடை அடுக்கலாமாம்.
வண்டியைக் கோர்ட்டே வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

இப்போது அது ஸ்டேஷன் வாசலில், ஜீப்புக்குக் குறுக்கே.
இன்ஸ்பெக்டர் அய்யா முயன்றார்,
இரண்டு போலீஸ்காரர்கள் முயன்றார்கள்,
'எஸ்' குமிழை இழுத்து இழுத்து
பேட்டரியும் செத்தது.
ஓட்டத் தெரிந்தவன் லாக்கப்பில் இருக்கிறேன்.

திறக்கிறீர்களா? சரி.
எழுத்தர் ஐயா, கையெழுத்து அப்புறம் போடுகிறேன்.
முதலில் அந்த ஆயுதத்தை எடுத்துக் கொடுங்கள்.