கழிவுத் துணிப் பதிவேடு

கீழே மஸ்கட்டில் மின்விசிறி ஓடுகிற ஜனவரி.
இங்கே ஸைக்கில்
குழாயடி வாளியின் மேல் ஒரு தட்டுப் பனிக்கட்டி.
விரலால் குத்தினால்
அப்பளம்போல் உடைகிறது.

விடுதியின் சலவைக்கூடத்துக்குப் பின்னால்
ஊழியர் குடியிருப்புக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே
பத்தடிக்கு எட்டடிச் சரிவு.
அதற்கப்பால் மறைப்பென்று ஒரு சுவர், ஒரு மரம் கிடையாது.
மண் என்று சொன்னால் மண்ணுக்குக் கோபம் வரும்.
கல்.
கல்லுக்கு நடுவே இன்னும் சின்னக் கல்.
காய்கறி லாரி ஓட்டும் ஹுமைத்
நிஸ்வாவிலிருந்து திரும்பும்போதெல்லாம்
ஒரு சாக்கு மண் கொண்டுவந்தான்.
சாக்குக்கு இரண்டு தீஷ்தாஷா இஸ்திரி என்று பேச்சு.
பதினொரு சாக்கு, இருபத்திரண்டு தீஷ்தாஷா.
கஞ்சி போட்டது தனி.

பட்டாணி ஊன்றினேன். கேரட் தூவினேன்.
நூல்கோல் நாற்று ஆறு.
மூன்றாம் வாரம் ஓர் இரவு காற்று வந்தது.
காலையில் போய்ப் பார்த்தால்
செடியெல்லாம் ஒரே பக்கம்,
எண்ணெய் வைத்துப் படியச் சீவியதுபோல்.

கழித்த படுக்கை விரிப்புகள் என் பொறுப்பு.
பதிவேட்டில் எண், நீளம், காரணம்.
காப்பிக் கறை.
சிகரெட்.
புதுப்பெண்ணின் மருதாணி.
எலி.
நான்கை எடுத்துக் கம்பிகளில் இழுத்துக் கட்டினேன்
மெத்தைக்குக் கட்டுவதுபோல், ஒரு சுருக்கம் இல்லாமல்.
இரவு முழுக்கப் படபடத்தது பாய்மரம்.
தோட்டம் கப்பலேறப் பார்த்திருக்கிறது.
விடிந்தபோது மூன்று விரிப்பு
கீழே மாதுளை வயல்களில், படிக்கு ஒன்றாக.
இறங்கிப் பொறுக்கி வந்தேன், முழங்கால் சிராய்த்து.

மேலே ஏறி மூச்சு வாங்கும்போதுதான் கவனித்தேன்:
எலி கடித்துச் சல்லடையான விரிப்பு மட்டும்
தன் கம்பியிலேயே நின்றது.

உட்கார்ந்து வெட்டினேன்.
உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை,
நான்கு விரல் விட்டு இன்னொன்று.
எகிப்துப் பருத்தி. ஓர் இரவுக்கு எண்பது ரியால் கொடுத்தவர்கள்
தூக்கம் வராமல் புரண்ட துணி.
துல்மாயா கதவில் நின்று
பைத்தியமா உனக்கு என்று இந்தியில் கேட்டாள்.
போய்விட்டு
இன்னொரு கத்தரியோடு வந்தாள்.

காற்று அன்றும் வந்தது.
ஓட்டை ஓட்டையாக நுழைந்து
இந்தப் பக்கம் வரும்போது
வேறு யாரோபோல் வந்தது.
பட்டாணி இலை அசைந்தது, அவ்வளவுதான்.

இதற்குமேல் எல்லாம் நல்லபடி என்று எழுத ஆசை.
பட்டாணியை ஒரு காட்டுக்கழுதை தின்றது,
கொடியை அதன் குட்டி.
நூல்கோல் இரண்டு தேறின.
கேரட் அடியில் கல்லை முட்டிக்
காலைப் பரப்பி நிற்கிறது
கால்சட்டை மாட்டிய குழந்தைபோல.
இருப்பதிலேயே கோணலான ஒன்றுக்கு
மேலாளர் பெயரை வைத்த துல்மாயா
கழுவாமலே கடித்துத் தின்றும் விட்டாள்.

மேலாளர் வியாழக்கிழமை வந்தார்.
நான்கு விரிப்பு எங்கே என்றார்.
கழித்ததுதானே சார் என்றேன்.
கழித்ததும் கணக்குதான் என்றார்,
சன்னல் வழியே பார்த்துக்கொண்டே.
விரிப்புக்கு மூன்று ரியால், சம்பளத்தில் பிடிப்பார்களாம்.
ஆக இரண்டு நூல்கோல், பன்னிரண்டு ரியால்.
இந்த மலையில் இதைவிட விலையேறிய காய்
சமையற்கூடத்தில்கூடக் கிடையாது.
தோல்சீவி உப்புத் தொட்டுத் தின்றோம்,
ஹுமைத்துக்கு ஒரு வில்லை.

பதிவேட்டைத் திறந்தேன்.
எண் எழுதினேன். நீளம் எழுதினேன்.
காரணத்துக்கு விட்டிருக்கும் கட்டம் ரொம்பச் சின்னது.
காற்று என்று மட்டும் எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.