இருபத்துநாலு மணி நேர டோபி

நவம்பர் பிறந்துவிட்டதென்று
இந்த ஊரில் யாரும் காலண்டர் பார்த்துச் சொல்வதில்லை.
கொடியில் போட்ட துண்டு
மூன்றாம் நாளும் கனத்தால்
பிறந்துவிட்டது.

பதினேழாம் கட்டையில்
முன்பு ஒரே ஒரு சமிக்ஞை விளக்கு.
இப்போது நாலு, நாலிலும் நெரிசல்.
தேயிலை மேட்டைப் பாதி அரிந்து
பதினெட்டு மாடி நிறுத்திவிட்டார்கள்.
வீடு வாங்கினவர்கள் கோலாலம்பூரில்.
பால்கனிகளில் சொட்டுவது
வாடகைக்கு இருப்பவர்களின் துணி.

அதன் காலடியில் என் கடை.
என் கடை என்றால்,
முதலாளி ஈப்போவில், ராத்திரி என்னிடம்.
துவைக்க ஆறு, காயவைக்க ஐந்து.
ஐந்தாம் நம்பரின் கதவை முட்டிக்காலால் முட்டினால்தான் மூடும்,
ஆனால் சூடு அதில்தான்.
விஷயம் தெரிந்தவர்கள்
மற்ற நாலும் சும்மா இருந்தாலும்
ஐந்துக்கு வரிசை.

பத்தரைக்கு ஸ்ட்ராபெரித் தோட்டத்து வங்காளதேசப் பையன்கள்.
நாலு பேர் துணியும் ஒரே டிரம்மில்.
பிறகு எது யாருடைய பனியன் என்று
சிரிப்பும் பஞ்சாயத்தும்.
பதினொன்றுக்குக் காக் ரொஹானா,
ஹோம்ஸ்டே போர்வை பதினாலு.
பள்ளி விடுமுறைக்கு அறை எல்லாம் போய்விட்டதாம்,
மேலே வருகிறவர்களுக்குக் குளிர் வேண்டுமாம்.
"நம்மகிட்ட வாங்கிட்டுப் போகட்டுமே" என்றேன்.
மலாயில் சொன்னேன். அவள் சிரித்தது
எந்த மொழியென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் திலகேஸ்வரி,
தேயிலை ஃபேக்டரி இரண்டாம் ஷிப்ட் முடிந்து,
பிளாஸ்டிக் பையில் மகளின் நீல பினபோர்,
ஒரு வெள்ளைச் சட்டை,
அடியில், செய்தித்தாளில் சுற்றி,
ஒரு ஜோடி கேன்வாஸ் சப்பாத்து.
"நாளைக்கு எஸ்.பி.எம்., அக்கா. மொதப் பரீட்சை.
சாயங்காலம் வாய்க்கால்ல வுட்டுட்டா."

சுவரில் இருக்கிறது:
இயந்திரத்தில் காலணி போடக்கூடாது.
மூன்று மொழியில். நான்தான் ஒட்டினேன்.
நான் தரை துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

டுப். டுப். டுடுப்.
யாரோ உள்ளே நடக்கிற மாதிரி.
சத்தம் கேட்டு மேல்மாடிக் காவலாளி பிஷ்ணு வந்தான்,
நேப்பாளம், குளிர் தெரிந்தவன்.
கேள்வி எதுவும் கேட்காமல்
ஐந்தாம் நம்பரில் முதுகைச் சாய்த்து நின்றான்.

பதினொன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது.
முட்டைக்கோஸ் லோரி கம்பத்தில் மோதியது என்றார்கள்,
மண் சரிந்தது என்றார்கள்.
கண்ணாடிக்கு வெளியே பதினெட்டு மாடியும் இல்லை,
பழைய மேடு இருந்த இடத்தில்
மேடு அளவு இருட்டு.

யாரும் போகவில்லை.
பாதி காய்ந்த துணியை விட்டு எங்கே போவது?
ரொஹானா ஒரு போர்வையை உதறினாள்,
முக்கால் ஈரம், ஆனாலும் வெதுவெதுப்பு.
பையன்கள் ஆளுக்கொரு ஓரம் பிடித்தார்கள்.
திலகேஸ்வரி மட்டும்
ஐந்தாம் நம்பருக்குள் முழங்கை வரை கையை விட்டு
சப்பாத்தின் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

பன்னிரண்டரைக்கு வெளிச்சம் வந்தது.
இயந்திரங்களுக்கு ஞாபகம் கிடையாது.
எல்லாத் திரையிலும் ஒரே வரி:
டோக்கன் போடவும்.
அவள் பையைத் துழாவினாள்.
நான் சாவியை எடுத்தேன்.
நோட்டில் எழுதினேன்: ஐந்து கோளாறு, சோதனை ஓட்டம்,
டோக்கன் நாலு. ஒன்றிலிருந்து நாலு வரை
அதே கோளாறு என்று பிறகு சேர்த்தேன்.

டுப். டுப்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு
பனிமூட்டத்துக்குள் பள்ளி பஸ் விளக்கு.
அதில் எந்தப் பிள்ளை திலகேஸ்வரியுடையது என்று தெரியாது.
எல்லாச் சப்பாத்தும் வெள்ளை.

என் ஸ்வெட்டர் இன்னும் ஈரம்.
வேலை நேரத்தில் ஊழியர் சொந்தத் துணி போடக்கூடாது.
அதையும் நான்தான் ஒட்டினேன்,
கொஞ்சம் கோணலாக.